ஈரல் வருத்தமும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும்: திகதியைத் தவற விடாதிருப்போம்

(தோட்டக் கமிட்டியும் மாதர் சங்கமும் சேர்ந்து கூட்டிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர முடியாமற் போனவர்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)



கிழமையில் கிடைக்கிற ஒரே ஓய்வு நாள் இது. உடுப்புத் துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், கடைக்குப் போக வேண்டும். அதையெல்லாம் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் பேசுகிறோம். இன்று சம்பளத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. ஈரல் வருத்தத்தைப் பற்றியும், அதற்கு எடுக்கிற எம்.ஆர்.ஐ. ஸ்கேனைப் பற்றியும் பேசப் போகிறோம். இது சங்கத்து வேலையா என்று சிலர் கேட்கலாம். கடைசி வரை கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

போன வருஷம் ஒரு நாள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இடைவேளை நேரம் எங்களிடம் ஒரு கிளினிக் கொப்பியைக் கொண்டு வந்தது. "சேர், அம்மாயிக்கு என்னமோ இங்கிலீசுல எழுதியிருக்காங்க. வாசிச்சுச் சொல்லுங்க" என்றது. இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து வாசித்தோம். அது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ரிப்போர்ட். ஈரல் இறுகிப் போயிருக்கிறது, வலது பக்கத்தில் 2 சென்டிமீற்றர் அளவில் ஒரு கட்டி தெரிகிறது, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு துண்டு மடித்து வைத்திருந்தது. அது எம்.ஆர்.ஐ.க்குக் கொடுத்த திகதி. அந்தத் திகதி போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பின்னேரம் லயத்துக்குப் போய் அந்த அம்மாவைக் கண்டோம். முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். சாராயத்தைக் கையால் தொட்டவர் இல்லை. சீனி வருத்தம் மட்டும் நீண்ட காலமாக உண்டு. ஏன் ஸ்கேனுக்குப் போகவில்லை என்று கேட்டோம். போனால் ஒரு பேர் போய்விடும், கூட வருகிறவருக்கும் ஒரு பேர் போய்விடும் என்றார். விடியற்காலை பஸ் பிடித்துக் கண்டி வரை போக ஆள் இல்லை என்றார். "குழாய்க்குள்ள தள்ளி மூடிருவாங்களாம், கரண்ட் பிடிக்குமாம்" என்று யாரோ சொன்னதைச் சொன்னார். கடைசிக் காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் தயங்கினார். "ஈரல் வருத்தம்னு தெரிஞ்சா, குடிச்சிருக்கான்னு லயத்துல பேசுவாங்க சேர்."

இன்று இங்கே வரமுன் அவரிடம் கேட்டோம். "என் கதையைச் சொல்லுங்க, பேரை மட்டும் சொல்லாதீங்க" என்றார். அப்படியே செய்கிறோம். அவர் சொன்ன காரணங்களைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்போம்.

குடிக்காதவருக்கும் வரும்

ஈரல் நம் வலது விலா எலும்புக்குக் கீழே இருக்கிறது. வளர்ந்த ஆளுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ இருக்கும். சாப்பிட்ட சாப்பாட்டை உடம்புக்கு ஏற்றபடி மாற்றுவது, இரத்தம் உறையத் தேவையானதை உண்டாக்குவது, மருந்தையும் நஞ்சையும் கழிப்பது எல்லாம் அதன் வேலை. அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு. அடிபட்டால் திரும்ப வளரும். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி தளிர்க்கிற மாதிரி.

ஆனால் வருஷக்கணக்காக ஓய்வில்லாமல் அடிபட்டால் அது வளர்கிற வளர்ச்சி ஒழுங்காக இருக்காது. புண் ஆறின இடமெல்லாம் தழும்பாகும். தழும்புக்கு நடுவில் முடிச்சு முடிச்சாக ஈரல் வளரும். மெதுவாக இருந்த ஈரல் கட்டியாக இறுகிவிடும். இதைத்தான் டொக்டர்மார் சிரோசிஸ் என்கிறார்கள்.

குடி இதற்கு ஒரு பெரிய காரணம். அதை மறைக்கப் போவதில்லை. சாராயமும் கசிப்பும் நம் லயங்களில் எத்தனை குடும்பத்தைத் தின்றிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் குடி மட்டும் காரணம் இல்லை. சீனி வருத்தம், கூடிய உடம்பு, கொலஸ்ட்ரோல் உள்ளவர்களுக்கு ஈரலில் கொழுப்புப் படிந்து, அது சிலருக்குச் சிரோசிஸ் வரை போகும். இலங்கையில் சிரோசிஸ் வருவதற்கு இது ஒரு முக்கிய காரணம். ஹெபடைட்டிஸ் பி, சி என்ற கிருமிகளாலும் வரும். பிறந்த குழந்தைகளுக்குக் கிளினிக்கில் போடுகிற தடுப்பூசியில் ஹெபடைட்டிஸ் பி-க்கான மருந்தும் இருக்கிறது. அந்த ஊசிகளைத் தவற விடாதீர்கள்.

ஆகவே ஈரல் வருத்தம் என்று கேட்டவுடன் குடித்திருப்பாள், குடித்திருப்பான் என்று பேசுவது பொய். அந்தப் பேச்சு ஒரு அம்மாவை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுத்தது. உண்மையாகவே குடித்து வருத்தம் வந்தவரும் நம் ஆள்தான். சிரோசிஸ் வந்த பிறகு குடியை விட்டாலும் பலன் உண்டு, ஆயுள் கூடும். தினமும் நிறையக் குடித்தவர் மட்டும் ஒரேயடியாகத் தானாக நிறுத்தக் கூடாது. கை கால் நடுங்கி வலிப்பு வரலாம். டொக்டரிடம் சொல்லி, மருந்தோடு நிறுத்த வேண்டும்.

கான் அடைபட்டால்

குடலிலிருந்து வருகிற இரத்தம் ஈரலுக்குள்ளே புகுந்துதான் இதயத்துக்குப் போகும். ஈரல் இறுகினால் அந்த வழி நெருக்கப்படும். மழை நாளில் கான் அடைபட்டால் என்ன நடக்கும்? தண்ணீர் பின்னுக்குத் தேங்கி, கரை உடைத்துப் பாதையில் ஓடும். உடம்பிலும் அதுதான் நடக்கிறது. வயிற்றுக்குள் நீர் கட்டும், கால் வீங்கும். உணவுக் குழாயில் இருக்கிற நரம்புகள் புடைத்து, ஒரு நாள் வெடிக்கும். கழிவு மூளைக்கு ஏறினால் ஆள் தடுமாறுவார், பகலில் தூங்குவார், பேச்சுக் குழறும். கண் மஞ்சளாகும்.

இரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனாலோ, ஆள் தடுமாறினாலோ, விடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 1990 அம்புலன்சுக்குச் சொல்லுங்கள். அதற்குக் காசு இல்லை.

இன்னொன்று. கொழுந்துக் கூடை சுமந்து முதுகு வலி, முழங்கால் வலி என்று கடையில் நோக் குளிசை வாங்கிப் போடுகிறோம். சிரோசிஸ் உள்ளவர் டைக்ளோபெனாக், இப்யூபுரூபன் போன்ற குளிசைகளைத் தொடக் கூடாது. பரசிட்டமோலையும் டொக்டர் சொன்ன அளவுக்கு மேல் போடக் கூடாது. இலை மருந்து, லேகியம் எடுப்பதாக இருந்தாலும் முதலில் கிளினிக்கில் கேளுங்கள்.

இதில் கஷ்டம் என்னவென்றால், பல வருஷம் எந்த அறிகுறியும் தெரியாது. ஆள் மலைக்குப் போவார், கொழுந்து எடுப்பார், சமைப்பார். ஈரல் உள்ளே இறுகிக்கொண்டே இருக்கும்.

ஏன் இத்தனை ஸ்கேன்?

சிரோசிஸ் வந்த ஈரலில் புற்றுநோய் உண்டாகிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். சின்னதாக இருக்கும்போது அது வலிக்காது. வலிக்கிற நேரம் பெரிதாகிவிட்டிருக்கும். அதனால்தான் சிரோசிஸ் உள்ளவரை 6 மாதத்துக்கு ஒரு தடவை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு வரச் சொல்கிறார்கள். "போன தடவை ஒன்றுமில்லை என்றார்களே, இனி எதற்கு?" என்று கேட்காதீர்கள். அடுத்த 6 மாதத்துக்குள் வரக்கூடியதைப் பிடிக்கத்தான் அடுத்த ஸ்கேன்.

அல்ட்ராசவுண்டில் கட்டி மாதிரி ஒன்று தெரிந்தால், அது என்னவென்று அந்த ஸ்கேன் சொல்லாது. இறுகின ஈரலில் முடிச்சுகள் நிறைய இருக்கும் என்று சொன்னோம். பெரும்பாலும் அவை வெறும் முடிச்சுகள். எது வெறும் முடிச்சு, எது புற்றுநோய் என்று பிரித்துப் பார்க்கத்தான் எம்.ஆர்.ஐ. சில இடங்களில் இதற்கு சி.டி. ஸ்கேனும் எடுப்பார்கள். எது பொருத்தம் என்று டொக்டர் முடிவு செய்வார். சின்னக் கட்டிகளைக் கண்டுபிடிக்க எம்.ஆர்.ஐ. கூடுதலாக உதவும்.

எப்படிப் பிரிக்கிறார்கள்? ஈரலுக்கு இரண்டு பக்கமிருந்து இரத்தம் வருகிறது. முக்கால்வாசி குடல் பக்கத்திலிருந்து ஒரு பெரிய நரம்பு வழியாக. மிச்சம் கால்வாசி இதயத்திலிருந்து வருகிற நாடி வழியாக. இரண்டு பீலியிலிருந்து ஒரே தொட்டிக்குத் தண்ணீர் விழுகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஈரல் புற்றுநோய்க் கட்டி மட்டும் தனக்கு வேண்டிய இரத்தத்தைப் பெரும்பாலும் இதயப் பக்கத்துப் பீலியிலிருந்தே இழுத்துக்கொள்ளும்.

எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது கையில் ஊசி வழியாக ஒரு மருந்து ஏற்றுவார்கள். கடோலினியம் என்ற உலோகம் சேர்ந்த மருந்து அது. இரத்தத்தோடு ஓடிப் படத்தில் வெள்ளையாகத் தெரியும். முதல் அரை நிமிஷத்துக்குள் மருந்து நாடி வழியாக வந்து சேரும். அப்போது புற்றுநோய்க் கட்டி பளிச்சென்று வெளுக்கும், சுற்றியுள்ள ஈரல் அவ்வளவு வெளுக்காது. இன்னும் ஒன்றிரண்டு நிமிஷத்தில் ஈரல் வெளுக்கும், கட்டி மங்கிவிடும். சிரோசிஸ் உள்ளவருடைய ஈரலில் 1 சென்டிமீற்றருக்குக் குறையாத கட்டி இந்த இரண்டு மாற்றத்தையும் தெளிவாகக் காட்டினால், டொக்டர்மார் பெரும்பாலும் ஊசியால் சதை எடுத்துப் பார்க்காமலே இது புற்றுநோய் என்று சொல்லிவிடுவார்கள். மற்றப் புற்றுநோய்களுக்கு வழக்கமாகச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

நேரத்தோடு தெரிந்தால் என்ன லாபம்? சின்னக் கட்டியை ஊசியால் சூடேற்றிச் சுட்டு அழிக்கலாம். சிலருக்கு வெட்டி எடுக்கலாம். சிலருக்கு ஈரலையே மாற்றலாம். இலங்கையிலும் ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை நடக்கிறது. ஆனால் எல்லாக் கட்டிக்கும் மாற்ற மாட்டார்கள். இத்தாலியின் மிலான் நகரத்து வைத்தியர்கள் 1996ஆம் ஆண்டு ஒரு அளவைச் சொன்னார்கள். ஒரே கட்டி என்றால் 5 சென்டிமீற்றருக்குள், இரண்டு மூன்று கட்டி என்றால் ஒவ்வொன்றும் 3 சென்டிமீற்றருக்குள். உலகத்தில் பல இடங்களில் இன்றும் அந்த அளவை வைத்துப் பார்க்கிறார்கள். அந்த 2 சென்டிமீற்றர் கட்டிக்குக் கொடுத்த திகதி ஏன் பெரிய விஷயம் என்று இப்போது விளங்குகிறதா?

அந்தக் குழாய்க்குள் என்ன நடக்கிறது?

எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம். பூமியின் காந்தத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு பலம். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரில் இருக்கிற ஹைட்ரஜன் அணுக்கள் காந்தத்துக்குள் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும். ரேடியோ அலை விட்டு அவற்றை அசைத்து, அவை திரும்பத் தரும் ரேடியோ அலையைக் கணினி படமாக்கும். எக்ஸ்ரே கதிர் கிடையாது. கரண்ட் பிடிக்காது. இந்த முறைக்கு வழி காட்டிய அமெரிக்கர் போல் லோட்டர்பருக்கும் ஆங்கிலேயர் பீட்டர் மான்ஸ்பீல்டுக்கும் 2003ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள்.

குழாயை மூடமாட்டார்கள். இரண்டு பக்கமும் திறந்திருக்கும், உள்ளே வெளிச்சம் இருக்கும். கையில் அழுத்துகிற பந்தோ மணியோ தருவார்கள், பயமாக இருந்தால் அழுத்தினால் ஆள் வரும். சத்தம் பலமாக இருக்கும், காதுக்கு அடைப்புத் தருவார்கள். ஏறக்குறைய அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

நம் ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது மூச்சுப் பிடிக்கிற விஷயம். மூச்சு விட்டால் ஈரல் மேலும் கீழும் அசையும், படம் கலங்கிப் போகும். அதனால் 15, 20 விநாடி மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். இதைப் பல தடவை சொல்வார்கள். சிங்களத்தில் சொன்னால் நம் அம்மாமாருக்கு விளங்காமல் போகலாம். "ஹுஸ்ம கன்ன" என்றால் மூச்சை இழு. "ஹுஸ்ம அல்லாகென இன்ன" என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டிரு. இதை வீட்டிலேயே மணிக்கூட்டைப் பார்த்துப் பிள்ளைகளோடு பழகுங்கள். தமிழில் சொல்லுங்கள் என்று கேட்பதற்கும் வெட்கப்படாதீர்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. வயிற்றில் நீர் கட்டி மூச்சுப் பிடிக்க முடியாமல் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காந்தத்துக்குக் கிட்ட இரும்பு போகக் கூடாது. தோடு, மூக்குத்தி, மெட்டி, காப்பு, கொண்டை ஊசி, ஊக்கு, போன், சில்லறை எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்ற மனம் வராது. முதல் நாளே தாலிக்கொடியைக் கழற்றி வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கட்டிக்கொண்டு போங்கள். இறுகிப் போன மூக்குத்தியை முதல் நாள் இரவே சவர்க்காரம் போட்டுக் கழற்றிப் பாருங்கள். இதயத்துக்கு மெஷின் வைத்தவர்கள், உடம்புக்குள் இரும்புத் தகடு, கம்பி, கிளிப் உள்ளவர்கள், லூப் போட்டவர்கள், ஸ்டோரிலோ வேர்க்ஷொப்பிலோ வேலை செய்து கண்ணில் இரும்புத் தூள் பட்டவர்கள் உள்ளே போகுமுன் கட்டாயம் சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். சிறுநீரக வருத்தம் இருந்தால் அந்த ஊசி மருந்து ஏற்றமுன் இரத்தம் பார்ப்பார்கள். வெறும் வயிற்றில் சில மணி நேரம் இருக்கச் சொல்வார்கள். சீனி வருத்தக்காரர் அன்று காலைக் குளிசையைப் போடுவதா விடுவதா என்று துண்டு வாங்குகிற அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு பேருடைய கதை

அந்த அம்மாவுக்குத் திரும்பத் திகதி எடுக்க ஓடினோம். வரிசை நீண்டது. முதல் திகதி போய் ஏழு மாதத்துக்குப் பிறகுதான் அவர் அந்த மெஷினுக்குள் படுத்தார். அப்போது கட்டி 4 சென்டிமீற்றர். பக்கத்தில் இன்னும் இரண்டு. கட்டிக்குப் போகிற நாடியை அடைத்து மருந்து விடுகிற சிகிச்சை இப்போது நடக்கிறது. முதல் திகதிக்கே போயிருந்தால் நிச்சயம் சுகமாகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அன்று இருந்த வழிகளில் சில இன்று இல்லை. இதை அவரும் அறிவார்.

பக்கத்து டிவிஷனில் ஒரு அண்ணன். ஸ்டோரில் வேலை. குடித்தே சிரோசிஸ் வந்தவர். அவருக்கும் ஸ்கேனில் ஒரு கட்டி தெரிந்தது. அவருடைய பெண்சாதி ஒரு நாளும் பிந்தாமல் இழுத்துக்கொண்டு போனார். எம்.ஆர்.ஐ.யில் அது வெறும் முடிச்சு என்று தெரிந்தது. பயந்த பயத்தில் குடியை விட்டார். இப்போது 6 மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேனுக்குப் போகிறார்.

சங்கம் என்ன செய்ய வேண்டும்?

முதலில் நம் பக்கத்துப் பிழையைச் சொல்லிவிடுகிறோம். அந்த அம்மா சந்தாக் கட்டுகிற அங்கத்தவர். திகதி போன அன்று பெரட்டில் நின்றவர். அரைப்பேர் போட்டால் சண்டைக்குப் போகிற நாங்கள், அவருடைய கொப்பிக்குள் ஒரு துண்டு இருந்ததை அறியவில்லை. அறியக் கேட்கவும் இல்லை.

செத்த வீட்டுக்கு லயத்துக்கு லயம் காசு சேர்க்கிறோம். மரண சகாய நிதி வைத்திருக்கிறோம். அது நல்ல வழக்கம். ஆனால் உயிரோடு இருக்கிறவர் ஸ்கேனுக்குப் போக பஸ் காசு சேர்த்திருக்கிறோமா?

ஆகவே கமிட்டி சார்பில் இந்த யோசனைகளை வைக்கிறோம். ஒன்று, விருப்பப்பட்டவர்கள் தங்கள் கிளினிக் திகதியை மாதர் சங்கத் தலைவியிடம் சொல்லலாம். திகதியை மட்டும் எழுதுவோம், வருத்தத்தை எழுத மாட்டோம். இரண்டு நாளுக்கு முன் வீட்டுக்கு வந்து ஞாபகப்படுத்துவோம். இரண்டு, கூடப் போக ஆள் இல்லாதவருக்கு முறை வைத்து ஆள் அனுப்புவோம், முடிந்தால் சிங்களம் பேசத் தெரிந்தவரை. மூன்று, சகாய நிதியில் ஒரு பகுதியை உயிரோடு இருக்கிறவருடைய பயணச் செலவுக்கு ஒதுக்குவோம். நான்கு, திகதித் துண்டைக் காட்டினால் அந்த நாளை லீவாக எடுக்க வேண்டும், வரவு குறைந்தது என்று கொடுப்பனவை வெட்டக் கூடாது, கூடப் போகிறவருக்கும் அப்படியே என்று தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்போம். இதைப் பேச்சுவார்த்தையில் மற்றக் கோரிக்கைகளோடு சேர்த்து வைப்போம். ஐந்து, இங்கிலீஷ் ரிப்போர்ட்டை வாசித்துச் சொல்ல ஆசிரியர்கள் இருக்கிறோம். பள்ளிக்கூடம் விட்டதும் வாருங்கள். விளக்கம் டொக்டர் சொல்லட்டும், துண்டில் இருக்கிற திகதியை நாங்கள் சொல்கிறோம்.

ஆறாவது உங்கள் கையில் இருக்கிறது. பீலியடியில் யாருடைய வருத்தத்தைப் பற்றியாவது பேச்சு வந்தால், "நீ கண்டியா?" என்று கேட்டு அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

இப்போது கை தூக்கச் சொல்லப் போவதில்லை. வீட்டுக்குப் போனதும் விளக்கடியில் உட்கார்ந்து உங்கள் வீட்டுக் கிளினிக் கொப்பியைத் திறந்து, கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பாருங்கள். மடித்து வைத்த துண்டு ஏதாவது இருந்தால், நாளைக்குப் பெரட்டுக்குப் போகுமுன் நம்மிடம் சொல்லுங்கள்.